அலமாரி திறந்திருந்த மூன்று நாள்

மதுரைக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வரும்படி சொன்னார்கள். நான் போனது கல்லூரி நூலகர்களின் மாநாட்டுக்கு. அப்படி ஒன்று உண்டு என்பதையே என் வீட்டில் நம்பவில்லை. புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து மூன்று நாள் பேச என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். எனக்கும் அது சரியாகத் தெரியாது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

மாநாட்டைக் கூட்டியவர் இபுராகிம். மதுரைக்கு மேற்கே, நாகமலை நெடுகப் படுத்துக் கிடப்பது தெரிகிற வெட்டவெளியில் ஒரு கல்லூரி. அதன் நூலகர் அவர். அதுவரை எங்களுக்குள் கடிதப் பழக்கம்தான். கரையானுக்கு என்ன மருந்து, கிழிந்த அட்டைக்கு எந்தப் பசை என்று எழுதிக்கொள்வோம். 'ஆள் பலம் கிடையாது; அண்ணன் சில நாள் முன்னதாகவே வந்து கூட நின்றால் நல்லது' என்று எழுதியிருந்தார். என்னை விடப் பத்து வயதாவது இளையவர். அண்ணன் என்று எழுதிவிட்ட பிறகு எப்படி மறுப்பது?

ரயிலடிக்கு அவருடைய அட்டெண்டர் முத்துக்கருப்பன் ஜட்கா வண்டியோடு வந்திருந்தார். பெரிய மீசை, நாற்பதைத் தாண்டிய வயது. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழும்பு லைப்பிரேரியன் நீங்கதானா? கையில ஒரு புஸ்தகத்தக் கூடக் காணமே."

பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரன் தட்டினான், கெஞ்சினான், திட்டினான். அது அசையவில்லை. முத்துக்கருப்பன் நிதானமாக இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். "இந்த எடத்துல மட்டும் அதுக்கு என்னமோ கோவம்ணே. தெனம் நிக்கும். எறங்குங்க, தள்ளுவோம்." கடல் கடந்து வந்த பிரதிநிதியாகிய நான் பங்குனி வெயிலில் ஜட்கா தள்ளிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்தேன். கொழும்பில் எந்நேரமும் உடம்பில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுகிறது. துவைத்துப் போட்ட சட்டையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது அப்பளமாகிவிடும்.

இபுராகிம் ஒல்லியானவர், வேகமாகப் பேசுகிறவர். என்னைக் குளிக்கக்கூட விடாமல் முதலில் நூலகத்துக்குள் அழைத்துப் போனார். நல்ல கூடம். சுவரோரம் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. மாணவன் கண்ணாடி வழியே புத்தகத்தின் முதுகைப் பார்க்கலாம். அதுவும் அச்சடித்த எழுத்து அழியாமல் இருந்தால். வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் முத்துக்கருப்பன் சாவிக்கொத்தோடு போய் எடுத்து வருவார். எங்கள் கல்லூரியிலும் இதே ஏற்பாடுதான், பூட்டு மட்டும் கொஞ்சம் பெரிது. புத்தகம் காணாமல் போனால் நூலகர் தலைதான் உருளும் என்பது இரண்டு கரைக்கும் பொது.

"எங்க அத்தாவுக்கு ஜவுளிக் கடைண்ணே," என்றார் இபுராகிம், தம் தகப்பனாரைப் பற்றி. "அம்புட்டுச் சேலையையும் விரிச்சுப் போடுவாரு. வேணாம்னு எந்திரிச்சுப் போறவங்களக் கூட 'நாளைக்கு வாங்கம்மா'ன்னுதான் அனுப்புவாரு. நான் என்னடான்னா படிச்சுப்புட்டு வந்து, துணியத் தொடாத, பேரச் சொல்லு, தாரேங்கிறேன். யாருக்குண்ணே பேரு தெரியும்?"

மாநாட்டுக்காக மூன்று நாளும் எல்லா அலமாரிகளையும் திறந்து வைப்பது அவர் திட்டம். வந்த பிரதிநிதிகளும் விடுதி மாணவர்களும் தாங்களே எடுத்துப் பார்க்கலாம், மறுபடி வைக்கலாம். பிரின்ஸிபால் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கணக்கெடுக்க வேண்டும். எல்லாம் இருந்தால் அலமாரிகள் இனி என்றைக்கும் திறந்தே இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் பழையபடி பூட்டு. மாநாடு, வரவேற்புரை, தீர்மானம் எல்லாம் இபுராகிமுக்கு ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது அந்த மூன்றாம் நாள் சாயங்காலம்தான்.

அடுத்த நாட்கள் ஓட்டமாக ஓடின. மாநாடு என்றால் அறிவைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் வாழை இலையைப் பற்றியது. சிம்மக்கல்லுக்குப் போய் மொத்தக் கடைகளில் அரிசி, பருப்பு, இலைக்கட்டு எல்லாம் பேரம் பேசினோம். கடைக்காரர்கள் இபுராகிமை "மாப்ள" என்று கூப்பிட்டார்கள், ஒருவர் "நிக்காஹ் விருந்தா?" என்று கேட்டார். லைப்பிரேரியன்கள் மாநாடு என்றதும் அவருக்கு இலைக்கட்டின் மேலிருந்த ஆர்வம் போய்விட்டது.

அங்கிருந்து நாலு எட்டில் வைகை. பாட்டிலும் கதையிலும் கேட்ட ஆறாயிற்றே என்று ஆசையோடு போனேன். மணலில் வண்ணார்கள் வெள்ளை வெள்ளையாகத் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"ஆறு எங்கே?" என்றேன்.

"இந்தா கெடக்குல்ல," என்றார் முத்துக்கருப்பன்.

"தண்ணீர்?"

"அது ஐப்பசில வரும்ணே."

களனி ஆற்று வெள்ளத்தில் வருஷா வருஷம் மேஜை நாற்காலிகளை மாடிக்கு ஏற்றுகிற ஊர்க்காரன் நான். தண்ணீர் இல்லாமலே ஆறு என்ற பெயரோடு இருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி பந்தி. திருச்சியிலிருந்து வரவிருந்த பஞ்சாபகேசன் என்ற மூத்த நூலகர், தமக்குத் தனிச் சமையலும் தனி இடமும் வேண்டும் என்று முன்னதாகவே எழுதிவிட்டார். இன்னும் சிலரும் அப்படியே. இபுராகிம் கோபப்படவில்லை. ஒரு பிராமணச் சமையற்காரரைப் பிடித்து, கல்லூரியின் பின்கட்டில் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் கோபம். "எல்லாப் புத்தகத்தையும் எல்லாரும் தொடவேண்டும் என்று மாநாடு கூட்டுகிறீர்கள், சோற்றை மட்டும்?" என்றேன். "ஒவ்வொரு பூட்டாத்தான்ணே தெறக்க முடியும்," என்றார்.

மாநாடு தொடங்கிய காலையில் முத்துக்கருப்பன் பூட்டுகளைக் கழற்றிக் கழற்றி ஒரு சாக்கில் போட்டார். சாக்கைத் தூக்க முடியவில்லை. "இம்புட்டுப் பூட்டா இருந்துச்சு?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

பிரதிநிதிகள் நாற்பது பேருக்கு மேல் இருக்கும். பெண் ஒருவர்தான், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த மிஸ் ஞானம்மாள். அவர் பேசினால் பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும். விடுதி மாணவர்கள் முதலில் வாசலிலேயே நின்றார்கள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்து அலமாரி அலமாரியாகப் பார்த்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒருவன் என்னிடம் வந்து, "சார், தொடலாமா?" என்று கேட்டான். என் கல்லூரிப் பையன்கள் முகமெல்லாம் நினைவுக்கு வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். மத்தியானத்துக்குள் கூடத்தில் உட்கார இடமில்லை. படியிலும் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்து படித்தார்கள். பிரின்ஸிபால்கூட ஒரு தரம் வந்து ஏதோ ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

பிற்பகல் கூட்டத்தில் எந்தப் புத்தகத்தை எந்தத் தலைப்பில் அடுக்குவது என்று விவாதம். பஞ்சாபகேசன் ஓர் உதாரணத்துக்கு, இபுராகிமின் அலமாரியிலிருந்து உப்பைப் பற்றிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தார். இபுராகிம் அதை ரசாயனத்தில் வைத்திருந்தார். வியாபாரத்தில் வைக்க வேண்டும் என்றார் பஞ்சாபகேசன். வைத்தியம் என்றார் ஒருவர். உப்பு விஷயமாகச் சட்டம் இருக்கிறதே, சட்டத்தில் வையுங்கள் என்றார் ஞானம்மாள். அந்த நாட்களில் உப்பு என்றதும் எல்லோர் மனத்திலும் எழுகிற சொல் வேறு, சத்தியாக்கிரகம். அதைச் சொல்லுமுன் ஒருவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். சபை சிரித்தது, பிறகு அமைதியாகிவிட்டது. எங்களில் பாதிப் பேர் சர்க்கார் மானியத்தில் ஓடுகிற கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள். ஒரு புத்தகத்தை எங்கே வைக்கிறோம் என்பதே ஓர் அபிப்பிராயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள் அலங்காநல்லூர்ப் பக்கம் சுற்றிப்பார்க்க ஒரு வாடகை பஸ். நல்ல கரும்புத் தோட்டத்து நடுவில் டயர் வெடித்தது. முத்துக்கருப்பனின் அக்காள் வீடு பக்கத்தில் என்பதால் எல்லோரும் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தோம். கரும்பு வெட்டிப் போட்டார்கள். செம்பு செம்பாக மோர் வந்தது. தனி அடுப்புக் கேட்ட பஞ்சாபகேசன் வெயிலில் நாக்கு வறண்டு போய், ஞானம்மாள் குடித்து வைத்த அதே செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். நாங்கள் யாரும் பார்க்காதது போல் கரும்பைக் கடித்தோம்.

அக்காளுக்கு ஞானம்மாளை மிகவும் பிடித்துவிட்டது. "ஒங்க பள்ளிக்கூடத்துல எம்புட்டுப் புஸ்தகம் இருக்கும்? அம்புட்டையும் படிச்சிட்டீகளா?"

"இல்லக்கா. எது எங்க இருக்குன்னு மட்டும் தெரியும்."

"அது போதுமே தாயி. இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஆம்பள ஒருத்தனில்ல."

திரும்பி வரும்போது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. இபுராகிம் சும்மா ஒரு நோட்டம் பார்க்கலாம் என்று ஓர் அலமாரியைச் சரிபார்த்தார். அதில் நாலைந்து புத்தகங்கள் இல்லை. அடுத்ததில் இன்னும் சில. அவர் முகம் விழுந்துபோயிற்று. "விடுதிப் பயலுகதான் அண்ணே, வேற யாரு?" என்றார் முத்துக்கருப்பன். இபுராகிம் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "நாந்தானே கையக் காட்டி உள்ள விட்டேன்," என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டில் கைவைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை, கூட்டம் தொடங்குமுன் நான் அலமாரிகளைப் பார்த்தபடி நடந்தேன். தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகம் பிராணி நூல்களுக்குள் இருந்தது. எங்கள் கல்லூரியில் அது விவசாயம். என் கை தானாகவே போய் அதை உருவியது; இரண்டு அலமாரி தள்ளிப் போய் விவசாயத் தட்டில் இடம் பார்த்தது. செருகப் போகிற நேரத்தில்தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அப்படியே நின்றேன். எதிர்ப் பக்கம் பஞ்சாபகேசன், ஒரு புத்தகத்தை இலக்கணத்திலிருந்து எடுத்து வந்து தர்க்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"தப்பான இடத்துல இருந்தது. வெச்சேன்," என்றார், குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிட்டவர் மாதிரி.

"இப்படி எத்தனை வைத்தீர்கள்?"

அவர் யோசித்தார். பிறகு அவர் முகமும் மாறியது.

ஒரு புத்தகமும் திருட்டுப் போகவில்லை. நாற்பது நூலகர்கள் இரண்டு நாளாக, கண்ணில் பட்டதையெல்லாம் அவரவர் ஊர் முறைப்படி திருத்தி வைத்துவிட்டார்கள். எண் போட்டு அடுக்கும் தசம முறைக்காரர் ஒரு பக்கம் நகர்த்தினார். சென்னையில் புதிதாக வந்த முறையைப் படித்தவர் இன்னொரு பக்கம் நகர்த்தினார். முறையே இல்லாதவர் உயரம் பார்த்து அடுக்கினார். மாணவர்களோ எடுத்த இடத்திலேயே பயபக்தியோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இபுராகிம் மேடையேறினார். "பெரியவங்க எல்லாருக்கும் ஒரு கும்பிடு. இனிமே தயவுசெஞ்சு யாரும் எதையும் சரிபண்ணாதீங்க," என்றார். அவர் சிரிப்பும் அழுகையுமாக நின்றதைப் பார்த்துச் சபையில் அத்தனை பேரும் தலைகுனிந்தார்கள். தீர்மானங்களை ஒத்திவைத்துவிட்டுத் தேடலில் இறங்கினோம். இபுராகிம் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வார். 'உங்கள் ஊரில் இது எங்கே இருக்கும்?' என்று ஒவ்வொருவராகக் கேட்போம்; சொன்ன இடத்தில் போய்ப் பார்ப்போம். ஒவ்வொன்றாகக் கிடைத்தது. கிடைத்த இடத்திலேயே 'இதுதான் சரியான இடம்' என்று இரண்டு பேர் சண்டைக்கு நின்றார்கள். அறுபதை நெருங்கிய பஞ்சாபகேசன் ஏணியில் ஏறி மேல்தட்டெல்லாம் தடவினார். பொழுது சாயும்போது எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

அது உப்பு. அதைத் தாங்கள் நகர்த்தியதாக நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள். நாலும் நாலு இடம். எந்த இடத்திலும் இல்லை. யாராவது மாணவன் எடுத்துப் போனானா, வேறு யாராவது எடுத்தார்களா, எந்த இடுக்கிலாவது விழுந்ததா, இன்று வரை தெரியாது.

பஞ்சாபகேசன் இபுராகிமையும் என்னையும் தனியே கூப்பிட்டார். "எங்க காலேஜ்ல ரெண்டு பிரதி இருக்கு. ஊருக்குப் போனதும் ஒண்ணைத் தபால்ல அனுப்பறேன். இப்போதைக்கு எல்லாம் இருக்குன்னு சொல்லிடுங்கோ."

நானும் அதையே சொன்னேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். இபுராகிம் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லாத புஸ்தகத்த இருக்குன்னு சொன்னா, பெறகு நான் எதுக்கு இந்த வேலைக்கு? வாங்க, போவோம்."

பிரின்ஸிபால் கணித ஆசிரியர். எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். நடந்ததைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஒன்று குறைகிறதா, இல்லையா?" என்றார்.

"குறையுது, சார்."

"அப்படியானால் பூட்டிவிடுங்கள். நாம் பேசிக்கொண்டது அதுதானே?"

குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. முத்துக்கருப்பன் சாக்கைக் கவிழ்த்தார். எந்தப் பூட்டு எந்த அலமாரிக்கு என்று தெரியாமல் வெகுநேரம் தடுமாறினார். இபுராகிம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அன்றிரவு அவர் வீட்டில் எல்லோருக்கும் விருந்து. பிரியாணியின் மணம் தெருமுனைக்கே வந்து அழைத்தது. பஞ்சாபகேசன் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார், இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும் என்று சொல்லிவிட்டு, எங்கள் பந்தியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இபுராகிம் குனிந்து குனிந்து பரிமாறினார்.

மறுநாள் என் ரயிலுக்கு முன் விடைபெற்றுக்கொள்ள நூலகத்துக்குப் போனேன். வாசலுக்கு வெளியே வரிசை நின்றது. வராந்தா தாண்டிப் படி வரைக்கும் மாணவர்கள். முன்பெல்லாம் சீட்டில் 'சரித்திரம், ஏதாவது ஒன்று' என்று எழுதுவார்களாம். இப்போது ஒருவன், "நாலாவது அலமாரி, நடுத்தட்டு, பச்சை அட்டை, சார். பாதி படிச்சிருக்கேன்," என்றான். அடுத்தவன் பக்க எண்ணையே சொன்னான். முத்துக்கருப்பன் ஓடி ஓடித் திறந்தார், எடுத்தார், பூட்டினார். அடுத்த சீட்டும் அதே அலமாரிக்கு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மதுரையில் நான் பார்த்த முதல் வியர்வை.

இபுராகிம் தலைநிமிராமல் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து நின்றார். வரிசையின் கடைசியில் பிரின்ஸிபால்.

"சார், நீங்க உள்ள வாங்க."

"எனக்கு முன்னால் இத்தனை பேர் இருக்கிறார்களே," என்றார் அவர் ஆங்கிலத்தில். "பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம். அன்றைக்கு நின்றபடியே பாதி பார்த்தேன். பெயர் நினைவில்லை. அலமாரி தெரியும்."

மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசை ஓரடி நகர்ந்தது, நின்றது, மறுபடி ஓரடி நகர்ந்தது. வகுப்பு மணி அடித்து ஓய்ந்தது. வாசலை எட்டியதும் அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு நேரம்?" என்றார். அவர் தமிழில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

முத்துக்கருப்பன் மூச்சு வாங்கினார். "பூட்டிப் பூட்டித் தெறக்கணும்ல அய்யா."

பிரின்ஸிபால் இன்னும் இரண்டு சீட்டு போகும் வரை அப்படியே நின்றார். முத்துக்கருப்பன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூட்டைக் கொண்டியில் மாட்டினார்.

"பூட்டாதப்பா," என்றார் பிரின்ஸிபால்.

முத்துக்கருப்பன் திரும்பி இபுராகிமைப் பார்த்தார்.

"எதையும் பூட்டாதே. அந்த உப்புப் புத்தகம் போனது போனதுதான், மிஸ்டர் இபுராகிம். அதைத் தொலைந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரோடும் உள்ளே நுழைந்து, நேராகத் தம் அலமாரிக்குப் போனார். பையன்கள் அவரை இடித்துக்கொண்டே ஓடினார்கள். நான் இபுராகிமின் தோளில் கை வைத்தேன். அவர் மேஜை மேல் கிடந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இனி அவற்றுக்கு வேலை இல்லை. அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "ரயிலுக்கு நேரமாச்சுண்ணே, கெளம்புங்க," என்றார், என் பக்கம் திரும்பாமலே.